தீவுக்குப் போன நந்தியாவட்டைகள்

பெரிய செடியை வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் நட வேண்டுமென்றால் பழவேற்காட்டில் இன்றைக்கு என்னைத்தான் தேடி வருகிறார்கள். பள்ளிவாசல் தெருப் பெரிய வீட்டில் ஆள் உயர மருதாணியைக் கொல்லையிலிருந்து வாசலுக்கு மாற்றியது நான்தான். எத்தனை முழம் தள்ளி வெட்ட வேண்டும், எந்த மாதம் வெட்ட வேண்டும், எவ்வளவு தழையைக் கழிக்க வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுப்பேன். கேட்டுப் போகிறவர்கள் மேஸ்திரிக்குக் கைராசி என்பார்கள். அந்த வித்தையில் ஒரு சொல்கூட என்னுடையது இல்லை. எல்லாம் ஒரு பெண்பிள்ளை சொன்னது. அவளுக்கு நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் பெண்டாட்டியிடம்கூட. நாற்பது வயதுக்கு மேல் உபதேசியாரிடம் எழுத்துக் கற்றுக்கொண்டேன். கற்ற எழுத்துக்கு இதையாவது வேலையாகக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பிறவியில் செடிக்காரன் இல்லை. கடலைப் பார்த்த குப்பத்தில் பிறந்தவன். என் நைனா, அவருடைய நைனா எல்லோரும் வலை இழுத்தவர்கள். ஒரு நாள் ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் கோட்டைத் துரை ஒருவருடைய படகு கவிழ்ந்தது. நான் பாய்ந்துபோய் அவர் தலைமயிரைப் பிடித்து இழுத்தேன். மயிர் மட்டும் கையோடு வந்தது. அது பொய்மயிர். அப்புறம் சட்டைக் கழுத்தைப் பிடித்துக் கரையில் கொண்டுவந்து போட்டேன். அந்த நன்றிக்கு அவர் எனக்குக் கோட்டைக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில் மேஸ்திரி வேலை கொடுத்தார். துளசிக்கும் தும்பைக்கும் வித்தியாசம் தெரியும், அதற்கு மேல் செடியைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் தலையில் முண்டாசு, கையில் பிரம்பு, கீழே ஏழெட்டு ஆட்கள். எல்லோரும் என் குப்பத்துப் பையன்கள்தான். யாருக்கும் எதுவும் தெரியாததால் என் மானம் இரண்டு வருஷம் காப்பாற்றப்பட்டது.

அந்த இரண்டு வருஷமும் மழை இல்லை. உள்நாட்டுச் சனங்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைப் பக்கம் நடந்து வந்தார்கள். கோட்டை வாசலில் கஞ்சி ஊற்றினார்கள். குடித்தவர்கள் கோட்டைக்குச் சொந்தம். கஞ்சிக்குக் கையேந்தியவர்களுக்கு அது முன்கூட்டியே தெரியும், தெரிந்துதான் ஏந்தினார்கள். உடம்பில் வலு இருந்த ஆண்களை வெடிமருந்துப் பட்டறைக்கு அனுப்பினார்கள். சில பெண்களைத் தண்ணீர் சுமக்கத் தோட்டத்துக்கு விட்டார்கள். மீதிப் பேர் நீளக் கொட்டகையில் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். அந்தக் கப்பல் ஏறிப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

தோட்டத்துக்கு வந்தவர்களில் ஒருத்திதான் அவள். முப்பது வயதிருக்கும். அவள் ஊரில் கோயிலுக்குப் பூக் கொடுக்கிற நந்தவனம் அவள் குடும்பத்தின் பொறுப்பில் இருந்ததாம். புருஷன் மருந்துப் பட்டறையில் இருந்தான். பிள்ளைகள் இல்லையா என்று ஒரு நாள் கேட்டேன். "ரெண்டு இருந்திச்சி. வர்ற வழியிலயே போயிடிச்சி" என்றாள். நான் வெற்றிலை மென்றுகொண்டே, "செரி, தொட்டியை ரொப்பு" என்றேன். அந்தக் காலத்தில் எல்லோரும் அந்தக் கதையைத்தான் சொன்னார்கள், எனக்குக் காது புளித்திருந்தது.

தோட்டத்தின் நடுவில் ஏழு நந்தியாவட்டைகள் இருந்தன. முன்னால் இருந்த ஏதோ ஒரு துரை வைத்தவை. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, இரண்டு பேர் கைகோத்தாலும் சுற்ற முடியாத புதர்கள். பூக்கிற காலத்தில் இலையே தெரியாது. என் துரை ஏரிக்கு நடுவில் பசியாவரம் தீவின் ஓரத்தில் புது வீடு கட்டியிருந்தார். அவர் கட்டிக்கொள்ளப்போகும் பெண் மாசி கடைசியில் கப்பலில் வருகிறாள். அவள் வந்து இறங்கும்போது இந்தப் புதர்கள் அந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும். இதுதான் உத்தரவு. துபாஷி வந்து சொல்லிவிட்டுப் போனார். துரை பேச்சை எங்களுக்கும் எங்கள் பேச்சை அவருக்கும் மாற்றிச் சொல்லுகிறவர் அவர்.

நானா தயங்குவேன்? எத்தனை கனமான படகைக் கரையேற்றியிருக்கிறோம்! புரட்டாசியில் ஒரு நாள் முதல் புதரின் அடியில் கயிறு கட்டினோம். எட்டுப் பேர் பிடித்து, 'ஏலேலோ' போட்டு இழுத்தோம். மூன்றாவது இழுப்பில் படபடவென்று சத்தம். நான்காவது இழுப்பில் புதர் மல்லாந்து விழுந்தது. எங்களுக்குப் பெரிய வெற்றி, பையன்கள் கூச்சல் போட்டார்கள். வேரில் ஒரு பிடி மண் இல்லை. உரித்த கோழி போல் கிடந்தது.

அப்போது பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. இடுப்பில் குடத்தோடு அவள் நின்றிருந்தாள். இரண்டு பிள்ளைகளை வழியில் விட்டுவிட்டு வந்தவள் அத்தனை மாதத்தில் சிரித்தது அதுதான் முதல் முறை, அதுவும் என்னைப் பார்த்து. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அதை மறக்கவில்லை.

புதர் நாலே நாளில் காய்ந்தது. துரை வந்து பார்த்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நானும் அதைத்தான் செய்தேன். "செடி கெழடு. பேத்தா தாங்காதுனு சொல்லுங்க" என்று துபாஷியிடம் சொன்னேன். அவர் மாற்றிச் சொல்ல வாய் திறப்பதற்குள் அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"கெழடு இல்லீங்க. இழுத்ததுதான் தப்பு. இப்ப சுத்தி அரைவட்டம் வெட்டி வுடணும். ஒரு மாசம் கழிச்சி மீதி அரைவட்டம். வெட்டின எடத்துல புது வேரு நூலு நூலா வரும். அதுக்கப்புறம் தை மாசத்துல மண்ணோட தூக்கினா செடிக்கு எடம் மாறினதே தெரியாது."

துபாஷி அதைச் சொன்னார். துரை அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சொன்னார்: கப்பல் வரும்போது மீதி ஆறு புதரும் உயிரோடு இருந்தால் அவள் இந்தத் தோட்டத்திலேயே இருக்கலாம், கப்பல் ஏற வேண்டாம். செத்தால் அதே கப்பலில் அவளும் போவாள். புருஷன் பட்டறைக்கு வேண்டியவன், அவன் எப்படியும் இங்கேதான் இருப்பான். அவள் தலையாட்டினாள். ஆட்டாமல் என்ன செய்வாள்?

அன்றைக்கு மேஸ்திரி என்பது என் முண்டாசுக்கு மட்டும் பெயராகிவிட்டது. ஐப்பசியில் அவள் சொன்ன இடத்தில் என் பையன்கள் வெட்டினார்கள். அடித்தண்டிலிருந்து ஒன்றரை முழம் தள்ளி, முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். தடித்த வேர்களைக் கூரான கத்தியால் ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், பிய்க்கக் கூடாது. பள்ளத்தில் மக்கிய குப்பையும் மணலும் போட்டு மூடினார்கள். கார்த்திகையில் மறுபக்கம். "அக்கா, இது போதுமா? அக்கா, இத்த அறுக்கலாமா?" நான் அங்கேயே நிற்கிறேன், ஒருவனும் என்னைக் கேட்கவில்லை. குப்பத்தில் சாராயம் குடிக்கும்போது ஒருத்தன், "இன்னாபா, ஒன் மேஸ்திரியம்மா சொகமா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மருந்துப் பட்டறை ஆட்களை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே விடுவார்கள். அவள் புருஷன் தோட்டத்து வேலியோரம் வருவான். புருவம் பொசுங்கியிருக்கும், உள்ளங்கை கறுத்திருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள். பெரிதாக எதுவும் பேசிக்கொள்ள மாட்டார்கள். தனக்குக் கிடைத்த சோற்றில் பாதியைத் துணியில் கட்டி வைத்திருந்து அவனுக்குக் கொடுப்பாள். அவன் அவளெதிரிலேயே தின்பான். முடித்ததும் துணியை உதறித் திருப்பித் தருவான். அந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் மீதி நாளெல்லாம் அந்தச் செடிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழி இல்லை.

தை பிறந்ததும் தூக்கினோம். முதலில் மேல் தழையில் மூன்றில் ஒரு பங்கை அவள் கழித்தாள். கிழக்கே பார்த்த கிளை ஒவ்வொன்றிலும் தன் பழம்புடவையைக் கிழித்து ஒரு துண்டு கட்டினாள். புது இடத்திலும் அந்தக் கிளை கிழக்கே பார்க்க வேண்டுமாம், இல்லாவிட்டால் நிழலில் இருந்த பட்டை வெயிலில் வெடிக்குமாம். பிறகு அடிமண்ணைக் குடைந்து, புதரை ஒருபக்கமாகச் சாய்த்து, அடியில் வலையை விரித்து, மறுபக்கம் சாய்த்து இழுத்து, மண்ணோடு மூட்டையாகக் கட்டினோம். வலை யோசனை என்னுடையது. என் வீட்டுப் பழைய வலை. அதிலாவது எனக்குப் பேர் வரும் என்று நினைத்தேன். அவள் வலையை எடுத்து நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு ஏறிக் கெடக்குது அண்ணா. மூணு தண்ணியில அலசிட்டுக் கட்டுங்க. உப்பு பட்டா புது வேரு வெந்துடும்."

பையன்கள் வலையைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கு ஓடினார்கள். செடிக்கு உப்பு எமன் என்பதை நான் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவள் அவள்.

இரண்டு தோணிகளைப் பலகை போட்டுப் பிணைத்து, காற்று எழும்புமுன் காலையில் ஒரு புதராக ஆறு நாளில் ஆறையும் தீவுக்குக் கடத்தினோம். பழைய மண்மட்டம் தெரிகிற வரைக்கும்தான் புதைத்தாள், ஒரு விரல் கூடவோ குறையவோ விடவில்லை. துரை வீடு தீவின் ஒதுக்குப்புறத்தில் இருந்தது. கோட்டைக்காரர் இடம் என்று தீவுச் சனங்கள் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். அவளை அங்கேயே ஒரு குடிசையில் விட்டார்கள். குடிக்கத் தண்ணீருக்கு மணலில் ஒரு ஊற்றுக்குழி இருந்தது, ஒரு நாளைக்கு நாலு குடம் ஊறும். ஆறு புதருக்கு அது எப்படிப் போதும்? ஏரித் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும்.

இங்கே எங்கள் ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது ஒரு தண்ணீர் இல்லை. மழையில் ஆறு வந்து விழுந்தால் இனிக்கும். கடல் உள்ளே வந்தால் கரிக்கும். கோடையில் கடலை விட அதிகமாகக் கரிக்கும். நேற்று இருந்த ருசி இன்றைக்கு இருக்காது. அதனால் எங்கள் ஆட்கள் காலையில் தோணியில் ஏறுமுன் ஒரு விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைப்பார்கள். அந்த ருசியை வைத்துத்தான் எந்த வலை எடுப்பது, எந்தப் பக்கம் போவது எல்லாம். நடக்கத் தெரிந்த பிள்ளைகூட அதைச் செய்யும். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

அந்த வருஷம் மழை பெய்தது, ஆறும் வந்தது, ஆனால் முகத்துவாரத்து மணல்திட்டை உடைக்கிற அளவுக்கு வரவில்லை. ஏரியின் வாய் அடைபட்டே கிடந்தது. தையிலும் தண்ணீர் நல்ல தண்ணீர். அவள் முதல் நாள் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள். "எங்க ஊரு ஏரித் தண்ணி மாதிரியே இருக்குது அண்ணா" என்றாள். அவள் ஊர் ஏரி பிறந்த நாளிலிருந்து ஒரே ருசிதான். மறுபடி அவள் எதற்கு ருசி பார்க்கப்போகிறாள்? நான் "ஆமா" என்றேன். அன்றைக்கு அது உண்மைதான்.

தை மாத ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷன் வேலிக்கு வந்தான். தீவுக்கு அவனை விட மாட்டார்கள். "வேரு புடிச்சிக்கிச்சின்னு அவருகிட்ட சொல்லுங்க அண்ணா" என்று அவள் சொல்லியனுப்பியிருந்தாள். சொன்னேன். அவள் கொடுத்த சோற்றையும் கொடுத்தேன். அவன் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றான். அந்த மாதக் கடைசியில் தீவுக்குப் போனபோது கணுவுக்குக் கணு துளிர் விட்டிருந்தது. அவள் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைக்குப் பல் முளைத்ததைக் காட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் காட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது. அதைவிட மரியாதையான சொல் தெரியவில்லை.

மாசி பிறந்ததும் எங்கள் குப்பத்தில் முகத்துவாரத்தை வெட்டுவதென்று முடிவு செய்தார்கள். வாய் திறந்தால்தான் கடல் உள்ளே வரும், கடலோடு இறால் வரும். இரண்டு வருஷமாகப் பட்டினி கிடந்த சனம். கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, எல்லாக் குப்பத்து ஆண்களும் மண்வெட்டியோடு இறங்கினோம். மூன்று நாள் வெட்டினோம். மூன்றாம் நாள் பகலில் பெருக்கு ஏறும்போது கடல் அந்த வெட்டு வழியாக உள்ளே பாய்ந்தது. நாங்கள் தண்ணீரில் விழுந்து கூத்தாடினோம். அன்றிலிருந்து இறால்தான். குப்பமே இறால் வாசனை.

நாலு நாள் கழித்து, புதர்களுக்கு வெயில் மறைக்கத் தென்னங்கீற்று ஏற்றிக்கொண்டு இரண்டு பையன்களோடு தீவுக்குப் போனேன். போகிற வழியில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கரிப்பு, சுத்தமான கடல். தோணி கரை தட்டியபோது அவள் முழங்கால் தண்ணீரில் நின்று குடத்தை முக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வார்த்தை என் வாய் வரைக்கும் வந்தது. 'தண்ணி மாறிடிச்சி, ஊத்தாதே.' அவ்வளவுதான், இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் கீற்றை இறக்கி முதல் புதருக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். அதற்குள் அவள் சொன்னாள்:

"அய்ய, அங்க வெக்கறீங்களே அண்ணா. மேக்கால வெயிலுதான் சுடும். இத்தனை நாளா பாக்கறீங்க, இதுகூடத் தெரியலியா? இந்தாண்ட வெய்யுங்க."

பையன்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளும் லேசாகச் சிரித்தாள். செடி துளிர்த்த சந்தோஷம், வேறொன்றுமில்லை. நான் கீற்றை எடுத்து அவள் சொன்ன பக்கம் வைத்தேன். அவள் குடத்தைத் தூக்கி வந்து புதருக்கு ஊற்றினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கூட வந்த பையன்களுக்கும் தண்ணீர் மாறியது தெரியும். மேஸ்திரி சொல்லியிருப்பார் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். மறுநாள் நான் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. ஏழு நாள் போகவில்லை.

எட்டாம் நாள் போனபோது இலையெல்லாம் ஓரம் கருகித் தரையில் கிடந்தது. அவளுக்குக் கண் உள்ளே போயிருந்தது. இலை வாடினதும் தாகம் என்று நினைத்தாளாம். புதருக்கு மூன்று குடம் ஊற்றியவள் ஆறு குடம் ஊற்றினாளாம். பிறகு எட்டுக் குடம். எவ்வளவு பாடுபட்டாளோ அவ்வளவு உப்பு.

"என்னா அண்ணா ஆச்சி? எங்க தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள். முதல் முறையாக என்னிடம் கேட்டாள்.

"வேரை ரொம்ப அறுத்துட்டே. அப்பவே நெனச்சேன்" என்றேன்.

அவள் அதை நம்பினாள். மண்ணில் உட்கார்ந்து, எந்தப் புதரில் எந்த வேரை அறுத்தோம் என்று விரல் விட்டு நினைவுபடுத்திப் பார்க்க ஆரம்பித்தாள். அந்த உட்கார்ந்த உருவம்தான் எனக்கு இன்றைக்கும் வருகிறது. மற்றதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

மாசி கடைசியில் கப்பல் வந்து நங்கூரம் போட்டது. மறுநாள் காலை துரை தீவுக்கு வருகிறார் என்று தெரிந்து, அவருக்கு முன்னாலேயே நான் போய்விட்டேன். அவள் ஒரு புதரின் அடியில் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் மண் காய்ந்து மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். எழுந்து ஏரிக்குப் போய் ஒரு கை அள்ளி வாயில் விட்டாள். துப்பினாள். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியும், இல்ல?" என்றாள்.

'அண்ணா' என்பதும் போய்விட்டது, 'நீங்கள்' என்பதும் போய்விட்டது. நான் முண்டாசைச் சரிசெய்துகொண்டேன்.

துரை வந்தார், துபாஷியும் இரண்டு சேவகர்களும் வந்தார்கள். மொட்டைக் குச்சிகளாக நின்ற ஆறு புதர்களையும் துரை பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. சப்பாத்தில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே செத்துவிட்டதா என்று கேட்டார். அவள் என்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று பயந்தேன். அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

"சாவலீங்க! உசுரு இருக்குது. இலையைப் பாக்காதீங்க, பட்டையை நகத்தால கீறிப் பாருங்க, உள்ள பச்சை இருக்கும். நல்ல தண்ணி ஊத்தினா திரும்பத் தழைக்கும். சத்தியமாத் தழைக்கும்!"

துபாஷி மாற்றிச் சொன்னார். துரை என்னைப் பார்த்தார். கீறு என்று கையைக் காட்டினார். வேலிக்கு ஓணான் சாட்சி.

அதற்கு முந்தின வாரமே நான் கீறிப் பார்த்திருந்தேன். அவள் ஊற்றுக்குழிக்குப் போயிருந்தபோது அடித்தண்டில் கீறினேன், வெள்ளரிக்காய் போல் பச்சை. அது எனக்குத் தெரியும். நான் புதருக்குப் பக்கத்தில் போய், எல்லாவற்றுக்கும் மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரு காய்ந்த நுனியைப் பிடித்து வளைத்து, நகத்தால் கீறினேன். உள்ளேயும் பழுப்பு. அதைத் துரையிடம் காட்டினேன்.

"செத்துப்போச்சி" என்றேன்.

"அடித்தண்டுல கீறு! அடியில கீறு!" என்று அவள் ஓடி வந்தாள். சேவகர்கள் பிடித்துக்கொண்டார்கள். துரை ஏற்கெனவே தோணியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். பெண் கப்பலிலிருந்து இறங்குகிற நேரம், அவருக்குச் செடி பெரிதா?

கப்பலுக்கு ஆட்களை ஏற்றுகிற படகுகள் எங்கள் குப்பத்துக் கரையிலிருந்துதான் போகும். துடுப்புப் போட்டவர்கள் என் பங்காளிகள். அவளையும் ஐம்பது அறுபது பேரோடு மணலில் உட்காரவைத்திருந்தார்கள். நான் அந்தப் பக்கம் போயிருக்க வேண்டியதில்லை, ஆனாலும் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒருவேளை அதற்காகத்தான் போனேனோ என்னவோ.

"அவருகிட்ட சொல்லிடு. வேலியாண்ட வந்து சொம்மா நின்னுக்கினு இருப்பாரு" என்றாள்.

"சொல்றேன்" என்றேன். படகு அலையைத் தாண்டும் வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் வேடிக்கை. அவள் போன பிறகும் துரை வீட்டு வாசலில் மொட்டைக் குச்சிகளே நின்றால் அடுத்த பழி மேஸ்திரி மேல்தான் விழும். கோட்டைக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீரைத் தோணியில் ஏற்றிப்போய் நாள் தவறாமல் ஊற்றினேன். உப்பு அடிமண்ணுக்கு இறங்கிற்று. சித்திரையில் ஒரு கோடைமழை. வைகாசியில் அடித்தண்டிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர். அவள் செய்திருக்க வேண்டிய வேலையை, அவள் சொன்ன அதே முறையில் நான் செய்தேன். துரை என் தோளில் தட்டி ஒரு பட்டுத்துணி கொடுத்தார். தெய்வம் நின்று கொல்லும் என்கிறார்கள். எனக்குப் பல்லும் காதும் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கின்றன.

பங்குனி ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷன் வேலிக்கு வந்தான். பட்டறைச் சுவருக்குள் இருப்பவனுக்குக் கப்பல் வந்து போனது தெரியும். யார் யார் ஏறினார்கள் என்று யார் போய்ச் சொல்லப்போகிறார்கள்? "எப்படிங்க ஐயா இருக்கா?" என்று கேட்டான். சொல்ல வேண்டும் என்றுதான் வேலியருகே போனேன். அவன் முகத்தைப் பார்த்ததும், "நல்லாக்கீறா. தீவுலதான், தண்ணி ஊத்திக்கினுகீறா" என்று வந்தது. அவன் முகம் தெளிந்தது. மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தான்.

"இந்த மாசம் அவ சோறு வரல. அவளுக்கே பத்தலியோ என்னமோ. இது என் பங்குல பாதி. அவகிட்ட குடுத்துடுங்க ஐயா."

வாங்கிக்கொண்டேன். திரும்பும்போது வழியில் தின்றேன். எனக்குப் பசி இல்லை. கொட்டிவிட மனசு வரவில்லை, அதனால் தின்றேன். துணியை அடுத்த மாதம் துவைத்துத் திருப்பிக் கொடுத்தேன். சித்திரையிலும் முடிச்சுக் கொடுத்தான். வைகாசியிலும், ஆனியிலும். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று போவேன். ஒவ்வொரு முறையும் முந்தின மாதத்துப் பொய்யும் சேர்ந்து நிற்கும்.

ஆடியில் ஆறு புதரும் பூத்தன. துரை வீட்டு அம்மாளுக்குக் கோட்டையில் விருந்து, பூ வேண்டும் என்றார்கள். ஒரு கூடை பறித்தேன். பறிக்கும்போது கிழக்குக் கிளையில் அவள் கட்டிய புடவைத் துண்டு வெளுத்துப்போய் இன்னும் இருந்தது. அதை அவிழ்க்கவில்லை. கூடையோடு தோட்டத்து வழியாக வந்தபோது வேலியோரம் அவன் நின்றிருந்தான். ஞாயிற்றுக்கிழமை என்பதை மறந்துவிட்டிருந்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கூடையைப் பார்த்தான்.

"பூத்துடிச்சா!" என்றான். பொசுங்கிய புருவம் மேலே ஏறியது. அவன் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "அப்ப இனிமே அவளைக் கப்பல்ல ஏத்த மாட்டாங்க, இல்லீங்களா ஐயா?"

"ஏத்த மாட்டாங்க" என்றேன்.

அவன் இரண்டு கையாலும் சோற்று முடிச்சை வேலிக்கு மேலே நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.